யாருடன் வந்தாய்? எல்லையில் தனியாக நிற்கும் குழந்தைகளின் உரிமை வரலாறு

1892 ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்ட நாள். அந்த வாசல் வழியாக முதலில் உள்ளே போனவள் அன்னி மூர் என்ற அயர்லாந்துப் பெண். வயது 17. தாயும் தந்தையும் முன்பே நியூயார்க்கில் இருந்தார்கள். இரண்டு தம்பிகளை அழைத்துக்கொண்டு, பெரியவர் துணை இல்லாமல், அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்திருந்தாள். அதிகாரிகள் அவளை வரவேற்று 10 டாலர் தங்க நாணயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இன்றும் அந்தத் தீவில் அவளுக்குச் சிலை இருக்கிறது.

1985. அதே நாட்டின் தெற்கு எல்லை. எல் சால்வடாரில் உள்நாட்டுப் போருக்குத் தப்பி, அமெரிக்காவில் இருந்த தன் தாயிடம் போய்ச் சேர வந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி பிடிபட்டாள். ஆடைகளைக் களைந்து சோதனையிட்டார்கள். பிறகு கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில், முள்கம்பி வேலி போட்டுச் சிறையாக மாற்றப்பட்டிருந்த ஒரு பழைய மோட்டலில் அடைத்தார்கள். அங்கே படிப்பு இல்லை, விளையாட்டு இல்லை. முன்பின் தெரியாத பெரியவர்களோடு ஒரே அறையில் தங்க வேண்டியிருந்தது.

இருவரும் 18 வயதுக்குக் கீழே. இருவரும் பெற்றவர்களைத் தேடி வந்தவர்கள். ஒருத்திக்குத் தங்க நாணயம், இன்னொருத்திக்கு முள்கம்பி. இடையில் 93 ஆண்டுகள். அந்த 93 ஆண்டுகளில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர விரும்புகிறேன்.

நான் குழந்தைகளோடு வேலை செய்கிறவள். ரயில் நிலையத்தில் ஒரு குழந்தை தனியாக இறங்கி நின்றால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாருப்பா வந்திருக்காங்க?" அக்கறையில் கேட்கும் கேள்வி அது. அதே கேள்வியை ஓர் அரசு, தன் எல்லையில் நின்று கேட்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. "யாரும் இல்லை" என்று குழந்தை சொல்லும் பதில் அதற்குப் பாதுகாப்பாகவும் முடியலாம், விலங்காகவும் முடியலாம். எதுவாக முடியும் என்பதை இதுவரை முடிவு செய்தது பெரும்பாலும் குழந்தையின் வயது அல்ல; அதன் பிறப்பு.

கதவு யாருக்குத் திறந்தது

அன்னி மூர் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1882இல், அமெரிக்கா சீனர் விலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று இனத்தைச் சொல்லியே கதவை அடைத்த சட்டம் அது. 1889இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அந்நியர் யாரை உள்ளே விடுவது என்பது அரசின் இறையாண்மை. அதில் நீதிமன்றம் பெரிதாகத் தலையிடாது என்றது. இந்த ஒரு தீர்ப்பின் நிழல் நூறாண்டு கடந்து குழந்தைகள் மேலும் விழுந்தது.

1906இல் சான் பிரான்சிஸ்கோவில் பெரும் நிலநடுக்கம். தொடர்ந்த தீயில் நகரத்தின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின. அதைப் பயன்படுத்திப் பல சீனர்கள், தாங்கள் அங்கேயே பிறந்த குடிமக்கள் என்று பதிவு செய்தார்கள். குடிமகனின் பிள்ளைகள் உள்ளே வரலாம். ஆகவே சீனக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் வேறொருவரின் மகன் என்ற காகிதத்தோடு தனியே கப்பல் ஏறினார்கள். அவர்களைக் 'காகித மகன்கள்' என்று வரலாறு அழைக்கிறது.

1910 முதல் 1940 வரை இயங்கிய ஏஞ்சல் தீவு நிலையத்தில் இந்தச் சிறுவர்களை நிறுத்தி விசாரித்தார்கள். உன் வீட்டுக்கு எத்தனை படிகள்? கிணறு எந்தத் திசையில்? பக்கத்து வீட்டில் யார் யார்? பதிலில் சிறிய முரண்பாடு தெரிந்தாலும் திருப்பி அனுப்பலாம். சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை காவலில் இருந்தார்கள். அதே காலத்தில் ஐரோப்பியர்கள் பெரும்பாலோர் எல்லிஸ் தீவைச் சில மணி நேரத்தில் கடந்து போனார்கள்.

1907ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், பெற்றோர் துணையின்றி வரும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை அனுமதி மறுக்கத்தக்கவர்கள் பட்டியலில் சேர்த்தது. உள்ளே விடுவதும் விடாததும் அமைச்சரின் விருப்பம். தனியாக வருவதே குறை என்று சட்டப் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான்.

இரக்கத்துக்கும் ஓர் அரசியல் உண்டு

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் வீடுகளும் வழிபாட்டிடங்களும் சூறையாடப்பட்டன. அதற்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து 1939 செப்டம்பரில் போர் தொடங்கும் வரை, ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பெற்றோர் இல்லாமல் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதக் குழந்தைகள். குழந்தைகளுக்கு மட்டும் அனுமதி, பெற்றோருக்கு இல்லை. அவர்களில் பலர் தாய் தந்தையை மறுபடி பார்க்கவே இல்லை.

அதே 1939இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. இரண்டு ஆண்டுகளில் 20,000 ஜெர்மன் அகதிக் குழந்தைகளை ஒதுக்கீட்டுக்கு வெளியே அனுமதிக்கலாம் என்றது அந்த வாக்னர்–ரோஜர்ஸ் மசோதா. எதிர்ப்பு கிளம்பியது. மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது.

அடுத்து 1960. கியூபாவில் புரட்சி நடந்து முடிந்திருந்தது. 1960 டிசம்பர் முதல் 1962 அக்டோபர் வரை 14,000க்கும் மேற்பட்ட கியூபக் குழந்தைகள் பெற்றோர் இல்லாமல் மயாமியில் வந்து இறங்கினார்கள். அமெரிக்க அரசு அவர்களுக்கு விசா விதிகளைத் தளர்த்தியது, பராமரிப்புக்குப் பணம் கொடுத்தது. கத்தோலிக்க நிறுவனங்கள் பொறுப்பேற்றன. கம்யூனிச நாட்டிலிருந்து ஓடிவரும் குழந்தை பனிப்போர்க் காலத்தில் ஒரு வெற்றிச் செய்தி.

இதை 1980களோடு வைத்துப் பாருங்கள். எல் சால்வடாரில் 1980 முதல் 1992 வரை நடந்த போரில் சுமார் 75,000 பேர் கொல்லப்பட்டார்கள். அந்நாட்டு அரசுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தது அமெரிக்கா. தான் ஆதரிக்கும் அரசிடமிருந்து தப்பி வருபவர்களை அகதிகள் என்று ஏற்றுக்கொண்டால் தன் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகும். 1984 வாக்கில் தஞ்சம் கேட்ட சால்வடார் மக்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட அது கிடைக்கவில்லை. கியூபக் குழந்தைக்குக் கிடைத்த இரக்கம் சால்வடார் குழந்தைக்குக் கிடைக்காததற்கு இதுதான் காரணம். இரக்கத்தை நம்பி உரிமையைக் கட்ட முடியாது என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

மோட்டலிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

பாசடீனா சிறுமிக்கு வருகிறேன். அவள் குடும்பப் பெயர் ஃப்ளோரஸ். அந்த வழக்கின் பெயரும் அதுதான்.

அப்போது மேற்குப் பிராந்தியக் குடியேற்ற அலுவலகம் வைத்திருந்த விதி இது: பிடிபட்ட குழந்தையைப் பெற்றோரிடமோ சட்டப்படியான காப்பாளரிடமோ மட்டும்தான் ஒப்படைப்போம். கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் பெற்றோரும் ஆவணம் இல்லாதவர்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால் அவர்களும் பிடிபடுவார்கள். அத்தையோ மாமாவோ வந்து நின்றால் 'நீ பெற்றவள் இல்லையே' என்று திருப்பி அனுப்பினார்கள். குழந்தையைத் தூண்டிலில் மாட்டிய புழுவாக வைத்துப் பெற்றோரைப் பிடிக்கிறார்கள் என்று வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள்.

1985 ஜூலையில் வழக்கு தொடுக்கப்பட்டது. பீட்டர் ஷே, கார்லோஸ் ஹோல்கின் என்ற மனித உரிமை வழக்கறிஞர்கள் முன்னின்றார்கள். 1988இல், தக்க சந்தேகம் இல்லாமல் குழந்தைகளை ஆடை களைந்து சோதனையிடுவது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு, உறவினர்களிடமும் ஒப்படைக்கலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. வேறு பொறுப்பான பெரியவர்களிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வி மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போனது.

1993இல் தீர்ப்பு வந்தது. 7க்கு 2 என்ற கணக்கில் குழந்தைகள் தோற்றார்கள். குழந்தைகள் எப்போதும் யாரோ ஒருவரின் பொறுப்பில்தான் இருக்கிறார்கள், ஆகவே அரசின் காவலில் இருப்பதால் அவர்களின் அடிப்படை உரிமை எதுவும் பறிபோகவில்லை என்பது நீதிபதி ஸ்கேலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். ஸ்டீவன்ஸ், பிளாக்மன் இருவரும் மறுத்தார்கள்.

வழக்கமாகக் கதை இங்கே முடிந்துவிடும். இந்த வழக்கறிஞர்கள் விடவில்லை. தடுப்பிடங்களின் நிலைமை பற்றிய மீதி வழக்கைத் தொடர்ந்து நடத்தினார்கள். 1997 ஜனவரியில் அரசு ஒரு சமரச உடன்படிக்கைக்கு வந்தது. அதுதான் ஃப்ளோரஸ் உடன்படிக்கை. தேவையற்ற தாமதமின்றிக் குழந்தையை விடுவிக்க வேண்டும். பெற்றோர், காப்பாளர், அண்ணன் அக்கா, அத்தை மாமா, தாத்தா பாட்டி என்று வரிசை போட்டுத் தகுந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். காவலில் இருக்கும்வரை இடம் பாதுகாப்பாகவும் சுகாதாரமாகவும் இருக்க வேண்டும். உணவு, தண்ணீர், மருத்துவம், படிப்பு கொடுக்க வேண்டும். கட்டுப்பாடு எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக வைக்க வேண்டும்.

அரசு தானே முறையான விதிகளை வெளியிடும்போது இந்த உடன்படிக்கை காலாவதியாகும் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய ஒரு காகிதம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் குழந்தைகளின் முதன்மையான கேடயமாக இருந்து வருகிறது. சிறைக்குள் இருந்த ஒரு சிறுமி, கோர்ட்டில் தோற்ற பிறகு பெற்றுத் தந்தது இது.

'துணை' என்றால் யார்?

2002ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முறையாகத் துணையற்ற குழந்தை யார் என்று வரையறுத்தது. 18 வயது ஆகாதவர். குடியேற்ற அனுமதி இல்லாதவர். அமெரிக்காவில் பெற்றோரோ சட்டக் காப்பாளரோ இல்லாதவர் அல்லது இருந்தும் பராமரிக்க முடியாத நிலையில் இருப்பவர். குழந்தைகளின் பராமரிப்பு காவல் துறை போன்ற அமைப்பிடமிருந்து அகதிகள் மறுவாழ்வு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. 2008இல் வந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், 72 மணி நேரத்துக்குள் குழந்தையை எல்லைக் காவலிலிருந்து அந்த அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்றது.

ஆனால் அதே 2008 சட்டத்தில் ஒரு ஓட்டை. பக்கத்து நாடுகளான மெக்சிகோ, கனடாக் குழந்தைகளை எல்லைக் காவலரே விசாரித்து, ஆபத்தில்லை என்று முடிவு செய்தால் உடனே திருப்பி அனுப்பலாம். ஹோண்டுராஸ் குழந்தைக்கு நீதிபதி. மெக்சிகோ குழந்தைக்குச் சீருடை அணிந்த காவலர். பயந்து போன ஒரு பிள்ளை துப்பாக்கி வைத்திருப்பவரிடம் நின்ற நின்ற இடத்தில் தன் கதையைச் சொல்லிவிடுமா?

சமூகவியல் படிப்பவர்கள் அந்த வரையறையை மறுபடி வாசியுங்கள். பாட்டியோடு கைபிடித்து வந்த குழந்தையும் இந்தச் சட்டத்தின் கண்ணில் துணையற்ற குழந்தைதான். அண்ணனோடு வந்த தங்கையும் அப்படியே. பாட்டியைப் பெரியவர்கள் காவலுக்கும், பிள்ளையைக் குழந்தைகள் காப்பகத்துக்கும் பிரித்து அனுப்பிவிடலாம். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பெற்றோர் போய்விட, ஆயாவிடமும் சித்தியிடமும் வளரும் பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்? அவர்களைப் பார்த்து 'உனக்கு யாரும் இல்லை' என்று எழுதினால் எப்படி இருக்கும்? குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளை என்று மட்டும் எண்ணும் சட்டம், ஏழைகளின் குடும்பத்தைப் பார்ப்பதே இல்லை.

துணையற்றவர்களாக ஆக்கப்பட்டவர்கள்

2014 நிதியாண்டில் சுமார் 68,500 குழந்தைகள் தனியாக வந்து தெற்கு எல்லையில் பிடிபட்டார்கள். பெரும்பாலோர் ஹோண்டுராஸ், குவாத்தமாலா, எல் சால்வடார் பிள்ளைகள். அவர்களைத் துரத்திய தெருக் கும்பல்களின் வேர் எங்கே? லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில். அங்கே உருவான கும்பல்களின் ஆட்களை 1990களில் அமெரிக்கா நாடுகடத்தி, போரில் நொறுங்கிக் கிடந்த நாடுகளில் கொண்டுபோய் இறக்கியது. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நீடித்த போரில் 2,00,000 பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் மாயா பழங்குடியினர் என்று உண்மை ஆணையம் 1999இல் பதிவு செய்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எல்லைக்கு வருகிறார்கள். மாம், கிச்சே போன்ற தாய்மொழிகளைப் பேசும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி. தன் மொழி தெரியாத அதிகாரியிடம் அந்தக் குழந்தை தன் உயிருக்காக வாதாட வேண்டும்.

2018 ஏப்ரலில் 'சகிப்பே கிடையாது' என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. எல்லை தாண்டிய பெற்றோர் மீது குற்ற வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். பெற்றோர் சிறையில் இருப்பதால் குழந்தை துணையற்றது என்று வகைமாற்றம் செய்யப்பட்டது. தாயின் மடியில் வந்த குழந்தையை, மடியிலிருந்து பிடுங்கிவிட்டு, 'இதற்கு யாரும் இல்லை' என்று பதிவேட்டில் எழுதினார்கள். 2017, 2018 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிரிக்கப்பட்டார்கள். எந்தப் பிள்ளை எந்தத் தாயுடையது என்ற ஒழுங்கான பதிவுகூட இல்லை. 2018 ஜூன் 26 அன்று நீதிபதி டானா சாப்ரா, 30 நாள்களுக்குள் சேர்த்து வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆண்டுகள் கடந்தும் சேராதவர்கள் இருந்தார்கள்.

அதே 2018இல் பழைய தூண்டிலும் திரும்பி வந்தது. குழந்தையைக் கூட்டிப்போக முன்வரும் உறவினர்களின் கைரேகைகள் குடியேற்றக் காவலர்களிடம் பகிரப்பட்டன. சில மாதங்களில் 170 பேர் கைது செய்யப்பட்டார்கள். மற்றவர்கள் வரப் பயந்தார்கள். குழந்தைகள் காப்பகங்களில் தேங்கினார்கள். 1985இல் அம்மா வரப் பயந்த அதே கதை.

2019 மே மாதம், குவாத்தமாலாவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுவன் ஒருவன் டெக்சாஸ் எல்லைக் காவல் நிலைய அறையில் கடும் காய்ச்சலோடு கிடந்து இறந்தான். அவன் பிடிபட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. சட்டம் சொன்னது 72 மணி நேரம்.

அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு விசாரணை. 'பாதுகாப்பான, சுகாதாரமான இடம்' என்ற சொற்களில் சோப்பும் பல் துலக்கும் பிரஷும் அடங்கும் என்று உடன்படிக்கை எங்கும் சொல்லவில்லையே என்று அரசு வழக்கறிஞர் வாதிட்டார். மேடையில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் வாலஸ் டஷிமா. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக அரிசோனாவின் போஸ்டன் முகாமில் சிறுவயதில் அடைக்கப்பட்டவர் அவர். சோப்பு இல்லாத இடத்தைச் சுகாதாரமான இடம் என்று அவரிடம் போய் நிரூபிக்க முடியுமா? ஆகஸ்டில் தீர்ப்பு குழந்தைகள் பக்கம் வந்தது.

2020இல் தொற்றுநோயைக் காரணம் காட்டி, ஆயிரக்கணக்கான தனிக் குழந்தைகளை விசாரணையே இல்லாமல் வெளியேற்றினார்கள். அதுவரை அவர்களை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? ஓட்டல் அறைகளில். 35 ஆண்டுகள் கழித்து மறுபடி மோட்டல். நீதிபதி டாலி ஜீ அந்த ஓட்டல் காவலையும், நீதிபதி எம்மெட் சல்லிவன் அந்த வெளியேற்றத்தையும் தடுத்தார்கள்.

நீதிபதி முன் மூன்று வயது

1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, வசதி இல்லாவிட்டால் அரசே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குடியேற்ற வழக்கு உரிமையியல் வழக்கு என்பதால் அந்த உரிமை எல்லையில் வந்த குழந்தைக்குப் பொருந்தாது. கடையில் திருடியதாகப் பிடிபட்ட பிள்ளைக்கு அரசு வழக்கறிஞர் கொடுக்கும். உயிருக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளை தானே வாதாட வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கே குடியேற்றச் சட்டத்தைக் கற்பித்துவிடலாம் என்று ஒரு குடியேற்ற நீதிபதி சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்னது 2016இல் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. 2025 மார்ச்சில், ஏறத்தாழ 26,000 குழந்தைகளுக்கு வழக்கறிஞர் உதவி அளித்துவந்த ஒப்பந்தத்தையும் அரசு நிறுத்தியது. நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது.

உள்ளே போன பிறகு என்ன? 2023 பிப்ரவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு துப்புரவு ஒப்பந்த நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 8 மாநிலங்களில் 13 இறைச்சி ஆலைகளில், 13 முதல் 17 வயதுவரையுள்ள 102 பிள்ளைகளை வைத்து எலும்பறுக்கும் இயந்திரங்களை இரவில் அமிலம் போன்ற ரசாயனங்களால் கழுவ வைத்திருந்தார்கள். அவர்களில் புலம்பெயர் குழந்தைகளும் இருந்தார்கள். இரத்தத்தைக் கழுவும் இரவு வேலை கடைசியில் யார் கையில் வந்து சேரும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்று

2025 ஆகஸ்ட் 15 அன்று, ஃப்ளோரஸ் உடன்படிக்கையை முடித்து வைக்கச் சொன்ன அரசின் மனுவை நீதிபதி டாலி ஜீ தள்ளுபடி செய்தார். சீனக் குடியேறிகளின் மகள் அவர். சீனர் விலக்குச் சட்டத்தில் தொடங்கிய வரலாறு ஒரு சீனப் பெண்ணின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டே வாரம். ஆகஸ்ட் 31, விடுமுறை வார இறுதி, நள்ளிரவு. குவாத்தமாலாக் குழந்தைகளைக் காப்பகங்களில் எழுப்பி டெக்சாஸில் விமானங்களில் ஏற்றினார்கள். வழக்கறிஞர்கள் இரவோடு இரவாக மனு போட்டார்கள். நீதிபதி ஸ்பார்க்கிள் சூக்நானன் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, விடியும் முன்பே தடை ஆணை பிறப்பித்தார். விமானங்களில் இருந்த 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறக்கிக் கொண்டுவரப்பட்டார்கள். பெற்றோர் கேட்டுத்தான் அனுப்புகிறோம் என்று அரசு சொன்னது. குவாத்தமாலா அரசின் சொந்த அறிக்கையே அதற்கு மாறாக இருந்தது.

1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பை உறுதி செய்கிறது. அமெரிக்கா 1995இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. இந்தியா 1992இலேயே ஏற்றது. அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை; அகதிகளுக்கென்று நம்மிடம் தனிச் சட்டமும் இல்லை.

சட்டம் மட்டும் உரிமையைக் காத்துவிடாது, சமூகத்தின் மனசாட்சி விழித்திருக்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் 1943ஆம் ஆண்டு ரானடே உரையில் எச்சரித்தார். ஆகஸ்ட் 31 இரவை நினைத்துப் பாருங்கள். அந்த இரவில் சட்டம் புத்தகத்தில்தான் இருந்தது. விமானத்தை நிறுத்தியது, அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நள்ளிரவில் கதவைத் தட்ட ஆள் இருந்ததுதான்.

சமூகப் பணி படிக்கும் தம்பி, தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றே. அடுத்த முறை ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ மொழி தெரியாத ஒரு குழந்தை தனியாக நிற்பதைப் பார்த்தால், "யாருடன் வந்தாய்?" என்று கேளுங்கள். "யாரும் இல்லை" என்று பதில் வந்தால், அந்த நிமிடத்திலிருந்து அதன் துணை நீங்கள்தான்.